பினாங்கு போறீங்களா? எந்தக் கடைன்னு கேட்காதீங்க, எத்தனை மணிக்குன்னு கேளுங்க!

ஹோட்டல் புக் செய்யும்போது ஆப்பில் ஒரு சின்னக் கட்டம் வரும். ‘காலை உணவும் சேர்த்து’ என்று இருக்கும். அதை டிக் செய்யாமல் விட்டால் ஏதோ நஷ்டப்பட்டது போல ஓர் உணர்வு. ‘எப்படியும் காலையில சாப்பிடத்தானே போறோம், வெளிய போய் எங்க தேடுறது?’ என்று நாமும் டிக் செய்துவிடுவோம்.

மலேசியாவின் பினாங்குத் தீவுக்குப் போகிறீர்கள் என்றால், தயவுசெய்து அந்த டிக்கை எடுத்துவிடுங்கள்.

முதல் தடவை போனபோது நான் அதை எடுக்கவில்லை. காலை ஒன்பது மணிக்கு ஹோட்டலில் பிரெட், ஆம்லெட், நூடுல்ஸ், பழம் என்று கொடுத்த காசுக்கு வஞ்சகமில்லாமல் சாப்பிட்டேன். பதினொன்றரைக்கு ஜார்ஜ் டவுன் தெருக்களில் நடந்தபோது ஒவ்வொரு முனையிலும் வாசனை இழுக்கிறது, வயிற்றில்தான் இடமில்லை. சரி, அப்புறம் வரலாம் என்று நகர்ந்தேன். மூன்று மணிக்குப் பசி எடுத்துத் திரும்பி வந்தால், காலையில் பார்த்த கடைகளில் பாதி கழுவிக் கவிழ்த்து வைக்கப்பட்டிருந்தன. மாலைக் கடைகள் இன்னும் திறக்கவில்லை. கடைசியில் ஒரு மாலுக்குள் போய், சென்னையில் கிடைக்கிற அதே பர்கரைச் சாப்பிட்டேன். அதுக்கு எதுக்குங்க பாஸ்போர்ட்?

அந்த ஒரு நாள் சொல்லிக்கொடுத்தது இதுதான். பினாங்கில் ‘எங்கே சாப்பிடலாம்?’ என்பது இரண்டாவது கேள்வி. முதல் கேள்வி, ‘இப்ப மணி என்ன?’

இப்போது ஏன் இந்தப் பேச்சு?

2023 டிசம்பர் 1 முதல் இந்தியர்கள் 30 நாள் வரை விசா இல்லாமல் மலேசியாவுக்குப் போகலாம். இந்தச் சலுகை 2026 டிசம்பர் 31 வரை நீட்டிக்கப்பட்டது. பயணத்துக்கு மூன்று நாளுக்குள் டிஜிட்டல் வருகை அட்டையை ஆன்லைனில் நிரப்பினால் போதும். 2024 டிசம்பரில் சென்னையிலிருந்து பினாங்குக்கு நேரடி விமானமும் தொடங்கியது. முன்பு கோலாலம்பூர் போய் மாறிப் போக வேண்டியிருந்த தீவு இப்போது லாங் வீக்எண்டு பட்டியலுக்குள் வந்துவிட்டது.

போகிறவர்களில் பலர் தங்குவது தீவின் வடக்குக் கடற்கரையான பத்து பெரிங்கியில். ரிசார்ட், மணல், நீச்சல் குளம் எல்லாம் அங்கேதான். ஆனால், சாப்பாடு இருப்பது அதிகமும் ஜார்ஜ் டவுனில். 2008-இல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்த பழைய துறைமுக நகரம் அது. இரண்டுக்கும் இடையே 101-ஆம் எண் பஸ் ஓடுகிறது. கிராப் டாக்ஸியும் கிடைக்கும். கடலைப் பார்க்க அங்கே போங்கள், தங்குவதை மட்டும் ஜார்ஜ் டவுனில் வைத்துக்கொள்ளுங்கள் என்பது என் கட்சி. ஏன் என்றால், இந்த ஊரில் ஒரு நாளைக்கு மூன்று வேளை கிடையாது. ஐந்தாறு சின்னச் சின்ன வேளைகள்.

கடிகாரத்தைப் பார்த்துச் சாப்பிடுவது எப்படி?

காலை 7 முதல் 10 வரை: ரொட்டி சானாய், நாசி லெமாக், கோப்பி. ரொட்டி சானாய் நம்ம ஊர் பரோட்டாவின் சொந்தக்காரர்தான், ஆனால் கொஞ்சம் மெலிசு. பருப்புக் கறியோடு வரும். ஜாலான் டிரான்ஸ்ஃபர் பக்கம் காலையில் நடந்தால் சாலையோர மேசைகளிலேயே இதைச் சாப்பிடுகிறவர்களைப் பார்க்கலாம். நாசி லெமாக் என்பது தேங்காய்ப் பாலில் வெந்த சோறு, மேலே சம்பால், நெத்திலி, முட்டை. வாழையிலைப் பொட்டலமாகவும் விற்பார்கள். புலாவ் திக்குஸ் சந்தை போன்ற இடங்களில் காய்கறி வாங்க வந்தவர்களுக்கு நடுவே உட்கார்ந்து சாப்பிடலாம்.

காலை 11 முதல் 2 வரை: நாசி கண்டார் நேரம். அதைப் பற்றித் தனியாகப் பேச வேண்டும், கீழே வருகிறேன்.

மதியம் 2 முதல் 5 வரை: இதுதான் என்னை மாட்டிவிட்ட இடைவெளி. காலைக் கடைகள் மூடியிருக்கும், மாலைக் கடைகள் திறந்திருக்காது. பெரிய சாப்பாட்டைத் தேடாதீர்கள். அசாம் லக்சாவும் செண்டோலும் இந்த நேரத்துக்கென்றே பிறந்தவை.

அசாம் லக்சாவை எப்படி விளக்குவது? கானாங்கெளுத்தி மீனை வேகவைத்து உதிர்த்து, புளி சேர்த்துக் கொதிக்கவைத்த குழம்பில் தடிமனான அரிசி நூடுல்ஸ். மேலே புதினா, அன்னாசி, வெங்காயம், இஞ்சி வகைச் செடியின் பூ மொட்டு, கடைசியில் ஒரு கரண்டி கறுப்பான இறால் சாந்து. நம்ம வீட்டு மீன் குழம்பு ஒரு நாள் வெளிநாட்டுக்குக் குடிபோய்விட்டது என்று நினைத்துக்கொள்ளுங்கள். முதல் வாய்க்கு அதிர்ச்சி, மூன்றாவது வாய்க்குப் பழக்கம். கெக் லோக் சி கோயிலுக்குப் போனால், அடிவாரத்தில் ஆயர் ஈத்தாம் பக்கத்திலேயே கிடைக்கும். ஜார்ஜ் டவுனிலிருந்து 204-ஆம் எண் பஸ் போகிறது.

செண்டோல் என்பது பச்சை நிற அரிசிமாவு இழைகள், தேங்காய்ப் பால், சிவப்புப் பயறு, துருவிய ஐஸ், கருப்பட்டி போன்ற குலா மெலாக்கா பாகு. பினாங்கு சாலையை ஒட்டிய கெங் குவீ சந்தில் 1936 முதல் விற்கிறார்கள். பெரும்பாலானோர் நின்றுகொண்டே சாப்பிட்டுவிட்டு நகர்ந்துவிடுவார்கள்.

மாலை 6 முதல் 10 வரை: உணவங்காடிகளின் நேரம். மலேசியத் தமிழர்கள் இந்தத் தெருவோரக் கடைகளை அங்காடிக் கடை என்கிறார்கள். லோரோங் பாரு, சூலியா தெரு, கிம்பர்லி தெரு, கடலோரத்தில் கர்னி டிரைவ் என்று வரிசையாக வண்டிகள் வந்து நிற்கும். சார் குவே தியாவ், சாத்தே, சிப்பி ஆம்லெட், பசம்பூர் எல்லாம் இப்போதுதான்.

இங்கே ஒரு விஷயம். சார் குவே தியாவ் கடையில் வரிசை மெதுவாகத்தான் நகரும். தட்டையான அரிசி நூடுல்ஸை இறால், சிப்பி, முட்டை, முளைகட்டிய பயறு சேர்த்து, கொதிக்கக் காய்ந்த இரும்புச் சட்டியில் ஒவ்வொரு தட்டாகப் போடுவார்கள். பத்துத் தட்டை ஒரே நேரத்தில் போட்டால் சட்டியின் சூடு இறங்கிவிடும். அப்புறம் நூடுல்ஸ் வதங்காது, வெறுமனே வெந்துபோகும். புகை வாசனையோடு ஒரு தட்டு வேண்டும் என்றால் காத்திருக்கத்தான் வேண்டும். நம்ம ஊர்க் கல்தோசைக் கதைதான்.

நாசி கண்டார்: இது நம்ம ஊர்ச் சாப்பாடா?

‘நாசி’ என்றால் மலாயில் சோறு. ‘கண்டார்’ என்றால் தோளில் சுமக்கும் காவுத்தடி. தடியின் ஒரு முனையில் சோற்றுக் கூடை, மறுமுனையில் குழம்புச் சட்டிகள். தமிழ் முஸ்லிம் வியாபாரிகள் இப்படிச் சுமந்து போய்த் துறைமுகத் தொழிலாளர்களுக்கு விற்ற சாப்பாடுதான் இது. கடையநல்லூர், ராமநாதபுரம் பக்கமிருந்து கப்பல் ஏறியவர்களின் பேரன் பேத்திகள் இன்றும் பினாங்கில் இருக்கிறார்கள். சூலியா தெருவின் பெயரே சோழமண்டலக் கரையிலிருந்து வந்த தமிழ் முஸ்லிம்களைக் குறிக்கும் பழைய சொல்தான். மலேசியா முழுக்க இந்த வகைக் கடைகளை ‘மாமாக்’ கடை என்கிறார்கள். அது நம்ம ‘மாமா’தான். கேம்பல் தெருவில் 1907-இல் தொடங்கிய ஹமீதியா இன்றும் நடக்கிறது.

ஆனால், ‘அட, நம்ம ஊர்ச் சாப்பாடுதானே’ என்று உட்கார்ந்தால் ஏமாந்துபோவீர்கள். ‘பிரியாணி மாதிரி இருக்கும்னு நெனச்சேன், இல்லையே’ என்றும் சொல்லாதீர்கள். நூறு ஆண்டுக்கு மேல் மலாய்க்காரர், சீனர் நாக்குகளுக்கும் பரிமாறிப் பரிமாறித் தனியாக வளர்ந்த சாப்பாடு அது. குழம்புகளைத் தனித்தனிக் கிண்ணத்தில் கேட்பது அங்கே வழக்கமில்லை. கோழிக் குழம்பு, மீன் குழம்பு, பருப்பு, கறிக் குழம்பு எல்லாம் ஒன்றன்மேல் ஒன்றாகச் சோற்றில் ஊற்றப்படும். நிறைய வேண்டும் என்றால் ‘பஞ்சிர்’ என்று சொல்லுங்கள். வெள்ளம் என்று அர்த்தம். கலந்த குழம்பின் சுவைதான் நாசி கண்டார். தனித்தனியாகச் சாப்பிட்டால் அது வெறும் குழம்புச் சோறு.

ஓர் எச்சரிக்கையும் உண்டு. வரிசையில் நகர்ந்துகொண்டே கண்ணாடிக்குப் பின்னால் இருப்பதைக் காட்டிக் காட்டி வாங்குவீர்கள். எல்லாவற்றுக்கும் ஒரே விலை இல்லை. கோழி, முட்டை, வெண்டைக்காய் வாங்கினால் பில் சின்னதாக இருக்கும். பெரிய இறால், மீன் தலை, கணவாய் முட்டை வைத்தால் பில் எகிறும். கேட்டுவிட்டு வாங்குங்கள். ‘பெராப்பா?’ என்றால் ‘எவ்வளவு?’. கேட்பதில் வெட்கம் எதுவும் இல்லை. பல கடைகளில் தமிழிலேயே கேட்கலாம்.

அந்தக் கோப்பியை ஏன் வாங்க வேண்டும்?

பினாங்குச் சாப்பாட்டைப் புரிந்துகொள்ள கோப்பித்தியாம் எப்படி ஓடுகிறது என்று தெரிந்திருக்க வேண்டும். கோப்பித்தியாம் என்றால் காப்பிக் கடை. ஆனால், ஒரே கூரைக்குக் கீழே ஐந்தாறு கடைகள் இருக்கும். ஒருவர் லக்சா, ஒருவர் வான்தான் நூடுல்ஸ், ஒருவர் கோழிச் சோறு. எல்லோரும் அந்த இடத்தை வாடகைக்கு எடுத்தவர்கள். இடத்தின் முதலாளி வழக்கமாகச் செய்வது ஒரே வியாபாரம்தான்: குடிக்கக் கொடுப்பது. அவருடைய லாபம் உங்கள் கோப்பியில் இருக்கிறது.

அதனால்தான் உட்கார்ந்ததும் ஒருவர் வந்து ‘என்ன குடிக்கிறீங்க?’ என்று நிற்பார். நாம் பையிலிருந்து தண்ணீர் பாட்டிலை எடுத்துக் காட்டி ‘வேணாம்’ என்போம். அது அந்த ஊர் கணக்கில் தப்பாட்டம். சில இடங்களில் எதுவும் குடிக்காமல் உட்கார்ந்தால் தனியாகக் காசு வாங்குவார்கள், எழுதியும் வைத்திருப்பார்கள். இதைச் சுரண்டல் என்று நினைத்து ரிவ்யூவில் ஒற்றை நட்சத்திரம் கொடுக்காதீர்கள். மேசை, மின்விசிறி, வாடகை எல்லாம் அந்தக் கோப்பியில்தான் ஓடுகிறது.

சர்க்கரை மட்டும் சேர்த்த கறுப்புக் கோப்பிக்கு ‘கோப்பி ஓ’. கண்டென்ஸ்டு மில்க் சேர்த்தால் வெறும் ‘கோப்பி’. சர்க்கரையும் பாலும் வேண்டாம் என்றால் ‘கோப்பி ஓ கோசோங்’. இனிப்புக் குறைவாக வேண்டும் என்றால் ‘கூராங் மானிஸ்’. இந்தக் கடைசிச் சொல்லை மறக்காதீர்கள், இல்லையென்றால் பாயசம் வரும்.

சாப்பாட்டை ஒவ்வொரு கடையிலும் போய்ச் சொல்லி, மேசை எண்ணைக் கொடுத்துவிட்டு வர வேண்டும். தட்டு வரும்போது அந்தந்தக் கடைக்காரருக்குத் தனித்தனியாகக் காசு கொடுக்க வேண்டும். கையில் சில்லறையாக ரிங்கிட் இருப்பது நல்லது.

பில்லில் என்ன வித்தியாசம்?

பெரிய ரெஸ்டாரன்ட் மெனுவில் விலைக்குப் பக்கத்தில் ‘++’ என்று போட்டிருந்தால், அதற்கு மேல் இரண்டு வகைப் பணம் சேரும். வழக்கமாக 10% சேவைக் கட்டணம், உணவுக்கான 6% சேவை வரி. அதாவது 100 ரிங்கிட் என்று நினைத்துச் சாப்பிட்டது 116 ரிங்கிட் ஆகும். ஒரு ரிங்கிட்டைத் தோராயமாக 20 ரூபாய்க்குச் சற்று மேல் என்று மனதில் வைத்துக்கொண்டால் கணக்குப் போடச் சுலபம்.

அங்காடிக் கடையில் ‘++’ எதுவும் கிடையாது. ஒரு தட்டு பெரும்பாலும் 6 முதல் 12 ரிங்கிட்டுக்குள் முடிந்துவிடும். தட்டுகளும் சின்னவை. இரண்டு பேர் போனால் ஒன்றை வாங்கிப் பகிர்ந்துகொண்டு அடுத்த கடைக்கு நகரலாம். ஓர் இரவில் நான்கு வகை ருசி பார்த்தாலும் ரிசார்ட் பஃபேயை விட மலிவாகத்தான் வரும்.

சைவம், ஹலால், மாட்டிறைச்சி: யார் என்ன கவனிக்க வேண்டும்?

இதைப் பற்றிப் பேசாமல் ‘எல்லாத்தையும் சாப்பிடுங்க’ என்று எழுதுவது நியாயமில்லை.

சைவக்காரர்களுக்குச் சிக்கல் கண்ணுக்குத் தெரியாத இடத்தில் இருக்கிறது. சம்பால், லக்சா, கீரைப் பொரியல் என்று பலவற்றிலும் பெலாச்சான் என்ற இறால் விழுது இருக்கும். ‘காய்தானே’ என்று நம்பி வாங்க வேண்டாம். நாசி கண்டார் கடையில் குழம்புக் கரண்டிகள் கலக்கும். ஜார்ஜ் டவுனின் லிட்டில் இந்தியாவில், குவீன் தெரு மகா மாரியம்மன் கோயிலைச் சுற்றிய பகுதியில், முழுச் சைவ உணவகங்கள் உண்டு. ஆனால், மூன்று நாளும் அங்கேயே இட்லி சாப்பிட்டுத் திரும்ப வேண்டியதில்லை. சீனச் சைவக் கடைகளையும் முயன்று பாருங்கள். பௌத்த வழக்கப்படி சமைக்கும் அந்தக் கடைகளில் பல, வெங்காயம் பூண்டு கூடச் சேர்க்காது. சீன ஒன்பதாம் மாதத்தில் வரும் ஒன்பது பேரரசர் தெய்வத் திருவிழாவில், பெரும்பாலும் அக்டோபரை ஒட்டி, ஒன்பது நாளும் ஊரில் ஏராளமான கடைகள் மஞ்சள் கொடி கட்டிச் சைவத்துக்கு மாறிவிடும். சைவக்காரர்கள் பினாங்கு போக அதுதான் சரியான வாரம். தைப்பூசத்தன்று போனால் தண்ணீர்ப் பந்தல்களில் அன்னதானமே கிடைக்கும்.

ஹலால் பார்ப்பவர்களுக்கு: சீனக் கடைகளின் சார் குவே தியாவில் பன்றிக் கொழுப்பு சேர்ப்பது வழக்கம். மலாய்க்காரர்கள் நடத்தும் கடைகளில் அதே உணவு அது இல்லாமல் கிடைக்கும். மாமாக், மலாய்க் கடைகள் பக்கம் போனால் கவலையில்லை. ரமலான் மாதத்தில் அந்தக் கடைகளின் பகல் நேரம் மாறும். அதற்கு ஈடாக மாலையில் ரமலான் சந்தைகள் களைகட்டும்.

மாட்டிறைச்சி சாப்பிடாதவர்களுக்கு ஒரே சொல்: ‘டாகிங்’. மெனுவில் அப்படி இருந்தால் பெரும்பாலும் மாடுதான். ஆட்டிறைச்சிக்கு ‘கம்பிங்’, கோழிக்கு ‘ஆயாம்’, மீனுக்கு ‘இக்கான்’. ஏதாவது வேண்டாம் என்றால் முன்னால் ‘தாக் மாவ்’ சேர்த்துக்கொள்ளுங்கள்.

வயிறு கொஞ்சம் நொய்மை என்றால் சார் குவே தியாவில் அரைவேக்காட்டுச் சிப்பியைத் தவிர்க்கலாம். ‘தாக் மாவ் கெராங்’ என்று சொன்னால் போதும். கூட்டம் இருக்கும் கடை, கண் முன்னால் சூடாகச் சமைக்கும் கடை என்று பார்த்தாலே பாதிக் கவலை தீரும். உணவகங்களில் நகராட்சி கொடுத்த சுத்தத் தரச் சான்று ஒட்டியிருப்பார்கள், அதையும் ஒரு பார்வை பார்த்துக்கொள்ளுங்கள்.

வைரல் பட்டியலில் என்ன தப்பு?

இப்போது என் உண்மையான ஆதங்கத்துக்கு வருகிறேன். நாங்கள் மீடியாக்காரர்கள்தான் இதற்குப் பாதிக் காரணம் என்பதால் கொஞ்சம் குற்ற உணர்வோடே சொல்கிறேன்.

‘பினாங்கில் சாப்பிட வேண்டிய 10 கடைகள்’ என்று தேடுங்கள். பெரும்பாலும் அதே பெயர்கள் சுற்றிச் சுற்றி வரும். 2022 டிசம்பரில் மிஷெலின் தன் முதல் கோலாலம்பூர், பினாங்கு கையேட்டை வெளியிட்டது. தெருவோரக் கடைகளும் அதில் இடம்பிடித்தன. அந்தக் கடைக்காரர்களுக்கு அது பெருமைதான், அதில் சந்தேகமில்லை. ஆனால், ரீல்ஸ் பார்த்து வருகிறவர்கள் எல்லோரும் ஒரே கடையில் ஒரு மணி நேரம் நிற்கிறார்கள். பத்தடி தள்ளி அதே உணவை முப்பது வருடமாகப் போடுகிறவர் சும்மா உட்கார்ந்திருக்கிறார். அவர் சமைப்பதில் குறை எதுவும் இருக்க வேண்டியதில்லை. அவரை யாரும் வீடியோ எடுக்கவில்லை, அவ்வளவுதான்.

இது வெறும் ருசிப் பிரச்சினை இல்லை. ஜார்ஜ் டவுனின் பழைய கடைவீடுகளில் நீண்ட காலம் வாடகைக் கட்டுப்பாடு இருந்தது. அதனால்தான் சின்ன வியாபாரிகள் நகரத்தின் நடுவில் தாக்குப்பிடிக்க முடிந்தது. 2000-ஆம் ஆண்டு தொடக்கத்தோடு அந்தக் கட்டுப்பாடு முடிவுக்கு வந்தது. பல குடும்பங்கள் வெளியேறின. 2008-இல் யுனெஸ்கோ அங்கீகாரம் கிடைத்தபின் பழைய வீடுகள் பூட்டிக் ஹோட்டலாகவும் கஃபேயாகவும் மாறத் தொடங்கின. நாம் ‘எவ்வளவு அழகான தெரு’ என்று போட்டோ எடுக்கிறோமே, அந்தத் தெருவில் சாப்பாடு போடுகிறவர் அங்கேயே குடியிருக்க முடியாத நிலை வந்துகொண்டிருக்கிறது.

இன்னொரு பக்கம், அடுத்த தலைமுறை. பினாங்கின் பயான் லெப்பாஸில் 1972-இலேயே சுதந்திர வர்த்தக மண்டலம் தொடங்கிவிட்டது. இன்டெல் அந்த ஆண்டே வந்தது. விடியற்காலை எழுந்து அடுப்பு முன்னால் நின்ற அப்பா, அம்மாவின் பிள்ளைகள் இன்று ஏசி அறையில் சிப் வேலை பார்க்கிறார்கள். அவர்களைக் குறை சொல்ல நமக்கு என்ன தகுதி? அப்பா நடத்திய டீக்கடையையோ ஓட்டிய லாரியையோ விட்டுவிட்டு ஐடி வேலைக்கு வந்தவர்கள்தானே நம்மில் பலரும்?

ஆள் கிடைக்காத இடத்தில் வெளிநாட்டுத் தொழிலாளர்கள் சட்டியைப் பிடித்தார்கள். ‘ருசி மாறிவிடும்’ என்ற கவலை எழுந்தது. பினாங்கின் புகழ்பெற்ற உள்ளூர் உணவுகளை அங்காடிக் கடைகளில் வெளிநாட்டவர் முதன்மைச் சமையல்காரராக இருந்து சமைக்கக் கூடாது என்று மாநில அரசு 2016-இல் கட்டுப்பாடு கொண்டுவந்தது. கவலை புரிகிறது. ஆனால், எனக்கு இதில் ஒரு நெருடல் உண்டு. நாசி கண்டாரைத் தோளில் சுமந்து வந்தவர் அன்றைக்கு வெளிநாட்டவர். சார் குவே தியாவை வறுத்தவர் தெற்குச் சீனாவிலிருந்து கப்பலில் வந்தவர். பினாங்கு சாப்பாடு என்று இன்று பெருமைப்படுவதில் பெரும்பகுதி, பிழைக்க வந்தவர்கள் சமைத்தது. ருசியைக் காப்பாற்ற வேண்டும் என்றால் சமைப்பவரின் பாஸ்போர்ட்டைப் பார்ப்பதை விட, அந்தத் தொழிலில் கட்டுப்படியாகும் வருமானம் இருக்கிறதா என்று பார்ப்பதுதான் சரியாக இருக்கும்.

வாடகையையும் சட்டத்தையும் சுற்றுலாப் பயணி மாற்ற முடியாது. அந்த வருமானத்தில் மட்டும் நமக்கு ஒரு சின்னப் பங்கு இருக்கிறது. எந்தத் தட்டுக்குக் காசு கொடுக்கிறோம் என்பது நம் கையில்.

அப்ப ரெஸ்டாரன்ட்டே கூடாதா?

அப்படிச் சொல்லவில்லை. அம்மா அப்பாவோடு, கைக்குழந்தையோடு போகிறவர்களை வியர்க்க விறுவிறுக்க பிளாஸ்டிக் ஸ்டூலில் உட்காரச் சொல்வது கொடுமை. மதியம் ஏசி உள்ள நாசி கண்டார் கடை, மாலில் உள்ள ஃபுட் கோர்ட், வெயில் தாழ்ந்தபின் அங்காடிக் கடை என்று பிரித்துக்கொள்ளலாம்.

ஓர் இரவை மட்டும் நிச்சயம் ரெஸ்டாரன்ட்டுக்கு ஒதுக்கச் சொல்வேன். அது நியோன்யா சாப்பாட்டுக்காக. அங்கே குடியேறிய சீனக் குடும்பங்களும் மலாய் மசாலாக்களும் கலந்து உருவான வீட்டுச் சமையல் அது. அரைத்து, பொடியாக நறுக்கி, மணிக்கணக்கில் செய்ய வேண்டிய வேலை, தெருவோர வண்டியில் நடக்காது. அதற்கு ரெஸ்டாரன்ட் விலை கொடுப்பதில் நியாயம் இருக்கிறது. மிஷெலினின் அந்த முதல் கையேட்டில் பினாங்கில் நட்சத்திரம் வாங்கிய இரண்டு இடங்களில் ஒன்று, ஆன்ட்டி கெய்க் லீன் என்பவரின் இந்த வகை உணவகம்தான்.

ரிசார்ட் பஃபேக்கு மட்டும் எனக்கு எந்தச் சமாதானமும் கிடைக்கவில்லை. உலகத்தில் எந்தத் தீவில் சாப்பிட்டாலும் அதே பாஸ்தா, அதே வாட்டிய கோழி. பினாங்கில் போய் அதைச் சாப்பிடுவது, மதுரைக்குப் போய் இரவுச் சாப்பாட்டுக்கு பிரெட் டோஸ்ட் ஆர்டர் செய்வது மாதிரி.

சுருக்கமாக, போனில் சேமித்து வைக்க:

• காலை உணவு சேராத அறையை எடுங்கள். முடிந்தால் ஜார்ஜ் டவுனிலேயே தங்குங்கள்.

• காலையில் ரொட்டி சானாய், மதியம் நாசி கண்டார், பிற்பகல் லக்சாவும் செண்டோலும், இரவில் அங்காடிக் கடைகள். மதியம் 2 முதல் 5 வரை பெரிய சாப்பாட்டை நம்பாதீர்கள்.

• கோப்பித்தியாமில் உட்கார்ந்தால் ஆளுக்கொரு பானம் வாங்குங்கள்.

• நாசி கண்டாரில் இறாலுக்கும் மீன் தலைக்கும் விலை கேட்டுவிட்டு வாங்குங்கள்.

• மெனுவில் ‘++’ இருந்தால் 16% சேர்த்துக் கணக்குப் போடுங்கள்.

• சீனப் புத்தாண்டு, ஹரிராயா நாட்களில் பல கடைகள் மூடியிருக்கும். டிக்கெட் போடும் முன் நாட்காட்டியைப் பாருங்கள்.

• ஜூன், ஜூலையில் போனால் பாலிக் புலாவ் பக்கம் டுரியான் பழம் கிடைக்கும். அங்கேயே சாப்பிட்டுவிடுங்கள், ஹோட்டலுக்குள் விட மாட்டார்கள்.

• வைரல் கடைக்கு ஒரு வேளை போங்கள், தப்பில்லை. அடுத்த வேளைக்கு, உள்ளூர்க்காரர்கள் உட்கார்ந்திருக்கும், நீங்கள் பெயரே கேள்விப்படாத கடைக்குப் போங்கள்.

இரண்டாவது நாள் நான் செய்தது அதைத்தான். ஏழரை மணிக்கு எழுந்து, ஹோட்டல் டைனிங் ஹாலைக் கடந்து வெளியே நடந்தேன். காசு ஏற்கெனவே கட்டியாயிற்றே என்று மனசு அடித்துக்கொண்டது. முனையில் இருந்த கடையில் பெயர்ப்பலகைகூட எனக்குப் புரியவில்லை. மேசையில் ஒரு பெரியவர் தள்ளி உட்கார்ந்து இடம் கொடுத்தார். அவர் தட்டில் இருந்ததைக் கைகாட்டி அதையே கேட்டேன். கூடவே ஒரு கோப்பி ஓ, கூராங் மானிஸ். கட்டிய காசு போனது போனதுதான். அந்தக் காலையை மட்டும் விட்டுவிடாமல் பிடித்துக்கொண்டேன்.